அடியில் சிக்கினால் மேலே பார்: ஒரு பழைய தையல் இயந்திரத்தைச் சீர்செய்த பதிவு

என் அக்கா மகள் தையல் வகுப்பில் சேர்ந்து பன்னிரண்டாம் நாளே நின்றுவிட்டாள். காரணம் கேட்டபோது, "எனக்கு இதெல்லாம் கைவராது சித்தி" என்று ஒரே வரியில் முடித்தாள். சற்று நேரம் பேச்சுக் கொடுத்துக் கேட்டதில், அவளுக்கு ஒதுக்கப்பட்ட இயந்திரத்தில் பத்து அங்குலம் தைப்பதற்குள் மூன்று முறை நூல் அறுந்தது என்பதும், துணிக்கு அடியில் நூல் பந்துபோலச் சுருண்டுகொண்டது என்பதும், பக்கத்து இருக்கைப் பெண் அதே நேரத்தில் ஒரு பாவாடையையே தைத்து முடித்துவிட்டாள் என்பதும் தெரியவந்தன. இந்த மூன்றில் முதல் இரண்டும் கையின் குற்றமல்ல என்பது தையல் தெரிந்த எவருக்கும் உடனே விளங்கும். ஆனால் புதிதாக உட்காருபவருக்கு அது விளங்குவதற்கு வழியே இல்லை. ஊசி மழுங்கியிருக்கிறதா, தன் கை மழுங்கியிருக்கிறதா என்று பிரித்தறிய ஓர் ஒப்பீடு வேண்டும், அது அவரிடம் இருப்பதில்லை.

ஆகவே, அவளுக்கு அறிவுரை சொல்வதை விட்டுவிட்டு, நன்றாக ஓடும் இயந்திரம் ஒன்றை முதலில் அவள் முன் வைப்பது என்று தீர்மானித்தேன். எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே அம்மாவின் கால்மிதி இயந்திரம் பதினோரு ஆண்டுகளாகச் சும்மா கிடந்தது. அம்மாவுக்குப் பார்வை மங்கத் தொடங்கிய ஆண்டில் அதன்மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடியதோடு சரி. பிறகு அதன் மேற்பலகை, பித்தளைப் பாத்திரங்களை அடுக்கும் இடமாக மாறிவிட்டது. கருப்புத் தலையும் தங்க நிறப் பூவேலையும் வார்ப்பிரும்புக் கால்களும் கொண்ட அந்த வகை இயந்திரத்தைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் இருக்க முடியாது. நான் இயந்திரம் பழுதுபார்ப்பவள் அல்ல. அம்மாவிடம் தைக்கக் கற்றவள், அவ்வளவே. கீழே எழுதியிருப்பவற்றுள் திருப்புளியும் பழைய பல்துலக்கியும் கொண்டு செய்ய முடியாதது எதுவும் இல்லை.

முதல் நாள் மாலை, பலகையை நிமிர்த்தித் தலையை மேலே கொண்டுவந்து கைச்சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தேன். அது கால் சுற்று வந்து, பாறையில் மோதியதுபோல் நின்றுவிட்டது. இந்த இடத்தில் பலர் செய்யும் பிழை, இரு கைகளாலும் பிடித்து வலுவாகத் திருப்புவது. உள்ளே நூல் மாட்டியிருந்தாலும் ஊசி வளைந்து எங்காவது இடித்துக்கொண்டிருந்தாலும், வலுவாகத் திருப்பினால் சிறிய கோளாறு பெரிய செலவாகிவிடும். எனவே முதலில் ஊசியைக் கழற்றினேன். பிறகு கீழ்நூல் சுற்றிய சிறு உருளையான பாபினையும், அதைப் பிடித்திருக்கும் உலோகக் கூடான பாபின் கேஸையும் வெளியே எடுத்தேன். அப்படியும் சக்கரம் நகரவில்லை என்பதால், கோளாறு எண்ணெயில் இருக்கிறது என்று ஊகித்தேன். முகப்புத் தகட்டின் திருகைக் கழற்றியவுடன் ஊகம் உறுதியாயிற்று: ஊசித்தண்டைச் சுற்றிலும் தேன்பாகுபோலப் பழுப்பு நிறத்தில் ஏதோ உறைந்திருந்தது, விரல் நகத்தால் சுரண்டினால் மெழுகாகப் பெயர்ந்தது.

"என்னம்மா விட்டீங்க இதுக்கு?" என்று கேட்டேன்.

"மெஷின் எண்ணெய் தீந்துபோச்சுன்னா தேங்காய் எண்ணெய்தான். தலைக்குத் தேய்க்கிறது, மெஷினுக்கு ஆகாதா?" என்றார் அம்மா, கட்டிலில் இருந்தபடியே.

ஆகாது. சமையல் எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் காற்றுப் பட்டுப் பட்டு நாளடைவில் கெட்டிப்பட்டுப் பிசினாகிவிடும். விட்ட அன்று இயந்திரம் பட்டுப்போல ஓடும், நெடுநாள் ஓடாமல் நின்றால் அதே எண்ணெய் பசையாக மாறிப் பிடித்துக்கொள்ளும். தையல் இயந்திரத்துக்கென்று விற்கப்படுவது நிறமற்ற, மிக மெல்லிய கனிம எண்ணெய். சிறிய புட்டி ஒன்று வீட்டு உபயோகத்துக்கு ஓராண்டுக்கு மேல் வரும். இதில் மிச்சம் பிடிக்க நினைப்பது அறிவுடைமை ஆகாது.

பிசினைக் கரைக்க மண்ணெண்ணெய்தான் நல்லது. இப்போது அது எளிதில் கிடைப்பதில்லை என்பதால், தெரிந்த ஒருவரிடம் சொல்லி வைத்து அரைப் புட்டி வாங்கினேன். தலையின் மேற்பகுதியிலும் பின்புறத்திலும் அடியிலும் சிறு துளைகள் இருக்கும். அவை எண்ணெய் விடுவதற்காகவே போடப்பட்டவை. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, உலோகத்தோடு உலோகம் உரசும் இடங்களிலெல்லாம் பல்துலக்கியால் தடவி, மொட்டை மாடியில் வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தேன். மதுரை வெயிலுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு. பிறகு கைச்சக்கரத்தை முன்னும் பின்னும் அரை அங்குலம், ஓர் அங்குலம் என்று அசைத்துக்கொண்டே இருந்ததில், இரண்டாம் நாள் மாலை அது முழுச் சுற்று வந்தது. மூன்றாம் நாள் ஒரு விரலால் தள்ளினாலே சுழன்றது. கரைந்து வழிந்த கருப்பு நீரைப் பழந்துணியால் துடைத்து எடுத்துவிட்டு, எல்லாத் துளைகளிலும் புதிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். மண்ணெண்ணெய் கரைக்குமே தவிர உயவாகாது. அதோடு நிறுத்திவிட்டால் உலோகம் உலர்ந்து தேயும். இந்த வேலையை அடுப்பங்கரையில் செய்யக் கூடாது என்பதையும், தின்னர், ஸ்பிரிட் போன்றவற்றைத் தொட்டால் தங்கப் பூவேலையும் கருப்பு மெருகும் கரைந்து துணியோடு வந்துவிடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஊசி இறங்கும் இடத்தில் உள்ள தகட்டை இரண்டு திருகுகள் பிடித்திருக்கும். அதைக் கழற்றினால் துணியைப் பின்னே நகர்த்தும் பற்கள் தெரியும். எங்கள் இயந்திரத்தில் பற்களுக்கு இடையே பல ஆண்டுப் பஞ்சும் நூல்தூசும் இறுகிக் கம்பளித் துண்டுபோல் ஆகியிருந்தன. ஊக்கால் நெம்பியபோது ஒரே பாளமாகப் பெயர்ந்து வந்தது. "துணி நகரவே மாட்டேன் என்கிறது, ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருக்கிறது" என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடம். பற்கள் தகட்டுக்கு மேல் எழும்ப முடியாதபடி தூசு அடைத்துக்கொண்டால், துணியை யார் நகர்த்துவது?

தோல் பெல்ட் இற்றுப்போயிருந்தது. விளக்குத்தூண் அருகே தையல் உதிரிபாகக் கடையில் புதியது கிடைத்தது. அம்மாவின் காலத்தில் இத்தகைய பொருள்கள் எல்லாவற்றுக்கும் மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரேயுள்ள புது மண்டபத்துக்குத்தான் போவார்கள். திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தின் சிற்பத் தூண்களுக்கு நடுவே தையற்காரர்கள் வரிசையாக இயந்திரம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நூல் வாங்கப் போகும்போது அவர்களுடைய கால்களையே பார்த்துக்கொண்டு நின்ற நினைவு எனக்கு இருக்கிறது. அந்தக் கடைகள் இப்போது மண்டபத்தை விட்டு வெளியேறிவிட்டன. பெல்ட்டை இரு சக்கரங்களிலும் மாட்டி, மிச்சத்தை வெட்டி, துளையிட்டுக் கம்பிக் கொக்கியால் இணைக்க வேண்டும். இறுக்கமாக வெட்டினால் மிதிப்பது கல்லிழுப்பதுபோல் ஆகிவிடும்; தளர்வாக விட்டால் சக்கரம் வழுக்கும். நடுவில் விரலால் அழுத்தினால் சற்றே உள்வாங்க வேண்டும். புதுத் தோல் சில வாரங்களில் நீளும். அப்போது அரை அங்குலம் வெட்டி மறுபடி இணைத்துக்கொள்ளலாம்.

அடுத்து ஊசி. அம்மாவின் தகர டப்பாவில் இருந்த ஊசிகள் அனைத்தையும் எடுத்து எறிந்துவிட்டுப் புதிய பொதி வாங்கினேன். சில ரூபாய் பெறும் இந்தச் சிறு பொருளுக்குச் சிக்கனம் பார்த்துத்தான் பெரும்பாலானோர் தையலையே வெறுத்துவிடுகிறார்கள். மழுங்கிய ஊசி துணிக்குள் நுழையும்போது 'டக் டக்' என்று ஒலிக்கும். நல்ல ஊசி ஓசையின்றி இறங்கும். மெல்லிய 'வாயில்' துணிக்கு 11, இரவிக்கைத் துணிக்கு 14, சற்றுத் தடித்த பருத்திக்கும் காடாவுக்கும் 16, ஜீன்ஸ் துணிக்கு 18 என்று எண் கேட்டு வாங்க வேண்டும். ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் கண் வரை நீண்ட பள்ளம் ஓடும். நூல் எப்போதும் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்து நுழைந்து தட்டைப் பக்கமாக வெளியே வர வேண்டும். எங்கள் இயந்திரத்தில் தட்டைப் பக்கம் வலப்புறம், அதாவது சக்கரம் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். வேறு வகை இயந்திரங்களில் இது மாறலாம் என்பதால், பழைய ஊசியைக் கழற்றும் முன் அது எப்படி இருந்தது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. ஊசியை மேலே முட்டும்வரை தள்ளித்தான் திருகை இறுக்க வேண்டும். ஒரு நெல்லளவு கீழே தொங்கினாலும் தையல் தாண்டித் தாண்டி விழும்.

ஏன் தாண்டும் என்பதை அக்கா மகளுக்குச் சொல்வதற்காகத் தகட்டைத் திறந்துவைத்துக்கொண்டே கைச்சக்கரத்தை மெல்லச் சுழற்றிக் காட்டினேன். கையூசிக்குக் கண் பின்னால் இருக்கிறது. இயந்திர ஊசிக்கு முனையிலேயே இருக்கிறது. 1846இல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில், முனையில் கண்ணுள்ள ஊசியும், துணியின் மறுபக்கத்தில் தறியின் நாடாபோல் நூல் சுமந்து ஓடும் சிறு கருவியும் சேர்ந்து பூட்டுத் தையலைப் போட்டன. நம் வீட்டு இயந்திரம் செய்வதும் அடிப்படையில் அதுதான். ஊசி துணியைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. மறுபடி மேலேறத் தொடங்கும் அந்தக் கணத்தில் நூல் கூடவே ஏறாமல் சற்றுப் பின்தங்கி, ஊசியின் தட்டைப் பக்கத்தில் ஒரு சிறு கண்ணியாக வளைகிறது. அந்தக் கண்ணிக்குள், கீழே பாபினைச் சூழ்ந்துள்ள கொக்கியின் முனை நுழைந்து, அதை விரித்து, பாபினையே சுற்றிக் கொண்டுபோய் விடுகிறது. மேலே உள்ள நெம்புகோல் நூலைச் சுண்டி இழுக்க, மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவில் பூட்டிக்கொள்கின்றன. கண்ணி உருவாகும் இடத்தில் கொக்கி வந்து சேர வேண்டும். ஊசி வளைந்திருந்தாலோ தாழ்ந்திருந்தாலோ திரும்பியிருந்தாலோ கொக்கி வெறுங்கையோடு போய்விடும். அதுதான் தாண்டிய தையல்.

அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "இவ்வளவு நேரம் இது உள்ளே என்ன பண்ணுதுன்னே தெரியாமத்தான் மிதிச்சுக்கிட்டிருந்தேனா?" என்று கேட்டாள். இன்னும் ஐந்தாறு முறை தானே சுழற்றிப் பார்த்தாள்.

இனி என் தோல்வியைச் சொல்ல வேண்டும். எல்லாம் துடைத்து, மாட்டி, நூல் கோத்து, பழைய வேட்டித் துண்டில் ஓட்டிப் பார்த்தபோது, மேற்பக்கம் தையல் ஒழுங்காகத் தெரிந்தது. திருப்பிப் பார்த்தால் அடியில் நூல் தேன்கூடுபோல் சிக்கியிருந்தது. அக்கா மகளை வகுப்பிலிருந்து விரட்டிய அதே சிக்கு. அடியில் சிக்கியிருக்கிறது என்பதால் கீழ்நூலில்தான் கோளாறு என்று எண்ணி, பாபின் கேஸின் பக்கவாட்டில் உள்ள சிறு திருகை இறுக்கினேன். சிக்கு குறையவில்லை. மேலும் இறுக்கினேன், அப்போது மேல்நூல் அறுந்தது. தளர்த்தினேன், அளவுக்கு மீறித் தளர்த்தியதில், எறும்பளவு திருகு கழன்று மொசைக் தரையில் விழுந்து மறைந்தது. விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி வெளிச்சத்தைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்து, அவள்தான் அதைக் கண்டெடுத்தாள். அன்றிலிருந்து பாபின் கேஸை எடுத்தால் எவர்சில்வர் தாம்பாளத்தின்மேல் வைத்துத்தான் தொடுகிறேன்.

ஒரு மணி நேரம் இப்படிப் போன பிறகு, அடுத்த அறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "அடியில சிக்குனா மேலே பாருடி. எத்தனை தடவை சொல்லிக் குடுத்தேன்."

சொல்லிக் கொடுத்தது உண்மைதான், மறந்ததும் உண்மைதான். துணியின் அடிப்பக்கத்தில் கிடந்து சிக்குவது பெரும்பாலும் மேல்நூல். மேலே அதை இழுத்துப்பிடிக்க வேண்டிய அழுத்தம் இல்லாததால், கொக்கி இழுத்துக்கொண்டு போன நூல் திரும்பி வராமல் அடியிலேயே தங்கிவிடுகிறது. அதேபோல், துணியின் மேற்பக்கத்தில் கீழ்நூல் புள்ளி புள்ளியாக எழும்பித் தெரிந்தால், மேல்நூல் மிக இறுக்கமாக இருக்கிறது அல்லது கீழ்நூல் தளர்ந்திருக்கிறது என்று பொருள். நான் கோத்ததை மறுபடி பார்த்தேன்: நூல், அதை அழுத்திப் பிடிக்கும் இறுக்கத் தட்டுகளுக்கு இடையில் போயிருந்தது, சிறு சுருள்கம்பியிலும் மாட்டியிருந்தது, நெம்புகோலின் துளையிலும் நுழைந்திருந்தது. எல்லாம் சரி, ஆனால் தட்டுகள் ஒன்றையொன்று தொடவில்லை. துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைத் தூக்கித் தட்டுகளைத் தளரவிட்டு, மடித்த பருத்தித் துணியின் ஓரத்தை இடையில் விட்டு இழுத்தேன். கருஞ்சிவப்பு நூல் துண்டு ஒன்று, பழைய எண்ணெயில் ஊறிக் கல்லாகி, வெளியே வந்து விழுந்தது. என் பள்ளிச் சீருடைப் பாவாடையின் நிறம் அது. எத்தனை ஆண்டுகள் அங்கே இருந்ததோ, அதுவே தட்டுகளை விலக்கி வைத்திருந்தது. அதன் பின் ஓட்டிய முதல் வரி, இரு பக்கமும் ஒன்றுபோல் விழுந்தது.

ஆகவே, தொடங்குபவர்கள் நூல் சிக்கினால் திருகுகளைத் தொடாதீர்கள் என்பதுதான் நான் சொல்லக்கூடிய முதல் யோசனை. திருகு தானாக மாறிவிடுவதில்லை. நூல் கோத்தது தவறியிருப்பதற்கே பத்தில் ஒன்பது வாய்ப்பு என்பது என் அனுபவம். பாதத்தைத் தூக்கி, மேல்நூலை முழுவதும் உருவிவிட்டு, நூற்கண்டிலிருந்து தொடங்கி மறுபடி கோத்துப் பாருங்கள். பாதத்தைத் தூக்கிவைத்துக் கோப்பதற்குக் காரணம், அப்போதுதான் இறுக்கத் தட்டுகள் விலகி நூலை உள்ளே அனுமதிக்கும். கோத்த பிறகு பாதத்தை இறக்கி நூலை இழுத்தால் விரலுக்கு ஓர் எதிர்ப்புத் தெரிய வேண்டும். தெரியவில்லையானால் நூல் தட்டுகளுக்கு வெளியே கிடக்கிறது. பாதத்தை இறக்காமலே தைக்கத் தொடங்குவதும் இதே சிக்கைத்தான் உண்டாக்கும், ஏனெனில் அப்போது இறுக்கமே இருக்காது. இந்த ஒரு பிழையை நான் இன்னமும் மாதம் ஒரு முறையாவது செய்கிறேன். பாபின் கேஸைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: நூலைப் பிடித்து அதைத் தொங்கவிட்டால் கீழே இறங்காமல் நிற்க வேண்டும், மணிக்கட்டை இலேசாகச் சுண்டினால் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். தடையின்றிச் சறுக்கினால் தளர்வு. சுண்டியும் அசையாவிட்டால் இறுக்கம். நூலும் பழையதாக இருக்கக் கூடாது. அம்மாவின் டப்பாவில் இருந்த பருத்தி நூற்கண்டுகளைக் கையால் இழுத்தாலே சிலந்திவலைபோல் அறுந்தன. பார்க்க அழகாக இருந்ததால் எறிய மனமின்றிக் கண்ணாடிப் புட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

இயந்திரம் தயாரானதும் அவளை உட்காரவைத்தேன். ஆனால் நூலும் கொடுக்கவில்லை, துணியும் கொடுக்கவில்லை. கைச்சக்கரத்தின் நடுவிலுள்ள திருகைத் தளர்த்தினால், மிதிக்கும்போது சக்கரம் மட்டும் சுழலும், ஊசி அசையாது. பாபினில் நூல் சுற்றுவதற்காக உள்ள ஏற்பாடு இது. கால் பழகுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வலக்காலைச் சற்று முன்னே, இடக்காலைச் சற்றுப் பின்னே மிதிபலகையில் வைத்து, கையால் சக்கரத்தைத் தன்பக்கமாகச் சுழற்றிவிட்டு, அந்த ஓட்டத்தைக் கால்களால் பிடித்துக்கொள்ள வேண்டும். புதியவர்களுக்குச் சக்கரம் சட்டென்று பின்பக்கமாகத் திரும்பிவிடும். அப்படித் திரும்பினால் நூல் உள்ளே சுருண்டு மாட்டிக்கொள்ளும் என்பதால்தான் நூலில்லாமல் தொடங்கச் சொல்கிறேன். முதல் நாள் இருபது நிமிடம் இது ஒன்றையே செய்தாள். பத்து முறையில் எட்டு முறை பின்னால் போயிற்று. இரண்டாம் நாள், அம்மாச்சி பக்கத்தில் உட்கார்ந்து பழைய கதை பேசிக்கொண்டிருந்தபோது, காலைப் பற்றிய நினைப்பே இல்லாமல் ஓட்டத் தொடங்கிவிட்டாள். ஊஞ்சல் ஆடுவதுபோலத்தான், எண்ணிக்கொண்டே ஆட முடியாது.

மூன்றாம் நாள், திருகை இறுக்கிவிட்டு, முதல் நாள் இயந்திரத்திலிருந்து கழற்றிய பழைய ஊசியை மாட்டி, கோடு போட்ட நோட்டுப் புத்தகத் தாளைக் கொடுத்தேன். நூலில்லாமல் கோட்டின்மேலேயே துளையிட்டுக்கொண்டு போக வேண்டும். தாளின் கெடுபிடி என்னவென்றால், அது பொய் சொல்லாது. கோட்டை விட்டு விலகியது அப்படியே துளைகளாகத் தெரியும். முதல் தாளில் வரிகள் பாம்பு ஊர்ந்ததுபோல் இருந்தன. அதற்குக் காரணம், அவள் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் ஓட்டுபவர் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் எப்படியோ அப்படித்தான் இதுவும். பாதத்தின் வலது ஓரத்துக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கச் சொன்னதும் ஐந்தாம் தாளில் வரி நேரானது. தாளைத் துளைத்த ஊசி மழுங்கிவிடும். துணிக்குப் போகும்போது மாற்ற மறக்கக் கூடாது.

முதல் பொருளாக எதைத் தைப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வகுப்புகளில் கைக்குட்டை, குழந்தைச் சட்டை என்று தொடங்குகிறார்கள். கைக்குட்டையின் மெல்லிய துணி பற்களுக்குள் இழுபட்டு மானத்தை வாங்கும். குழந்தைச் சட்டையிலோ எங்கு பார்த்தாலும் வளைவு. தடித்த துணி, நேர்க்கோடு, பயன்படும் பொருள், இந்த மூன்றும் சேர்ந்தது மஞ்சள் பைதான். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் தடை. 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. ஆக, எத்தனை தைத்தாலும் வீட்டில் தேவை இருந்துகொண்டே இருக்கும்.

காடாத் துணியை வெட்டும் முன் ஒருமுறை நனைத்து உலர்த்தித் தேய்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் தைத்த பை முதல் துவைப்பில் சுருங்கிக் கோணலாகும். 14 அங்குல அகலமும் 16 அங்குல உயரமும் உள்ள பைக்கு, 15 அங்குல அகலம், 35 அங்குல நீளத்தில் ஒரே துண்டு வெட்டினோம். இருபுறமும் அரை அங்குலம் தையலுக்குப் போகும்; இரு முனைகளிலும் ஒன்றரை அங்குலம் வாய்மடிப்புக்குப் போகும், அதாவது முதலில் அரை அங்குலம் மடித்து, பிறகு ஓர் அங்குலம் மடிக்க வேண்டும். அடிப்பக்கம் மடிப்பாகவே அமைவதால் அங்கே தையல் வேண்டியதில்லை, கிழியவும் கிழியாது. கைப்பிடிக்கு 20 அங்குல நீளம், 4 அங்குல அகலத்தில் இரண்டு பட்டைகள். நான்காக மடித்தால் ஓர் அங்குலப் பட்டி. அங்குலத்துக்குப் பத்துத் தையல் வருமாறு நீளத்தை வைத்தோம். பொருள் சுமக்கும் பை என்பதால், கைப்பிடி சேரும் இடத்தில் ஒரு சதுரமும் அதன் குறுக்கே இரண்டு மூலைக்கோடுகளும் தைக்க வேண்டும்.

தொடங்கும்போது இரு நூல் முனைகளையும் மூன்று அங்குலம் பின்னே இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். முதல் இரண்டு தையலில் விழும் சிக்கு அதனாலேயே நின்றுவிடும். துணியை இழுக்கக் கூடாது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. தடித்த மடிப்பில் வேகம் குறையும்போது பின்னாலிருந்து துணியை இழுத்து உதவத் தோன்றும்; இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் இடித்து முறியும். முறிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே பொதியிலிருந்து இன்னொன்றை எடுத்து, தட்டைப் பக்கம் பார்த்து, மேலே முட்டும்வரை தள்ளி மாட்டினாள். பொதியில் பத்து ஊசி இருப்பது இதற்குத்தானே.

அதற்கடுத்த நாள் நான் வேலையில் இருந்தபோது கைப்பேசியில் அழைத்து, "சித்தி, மெஷின் போச்சு. மிதிக்கிறேன், ஊசி ஏறவே மாட்டேங்குது" என்றாள். பாபின் சுற்றினாயா என்று கேட்டேன். சுற்றினாளாம். நடுத்திருகை இறுக்கினாயா என்று கேட்டதற்கு மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

மாலை வீட்டுக்குப் போனபோது இரண்டு கைப்பிடிகளையும் தைத்து முடித்திருந்தாள். அவற்றுள் ஒன்று முறுக்கிக்கொண்டு சேர்ந்திருந்தது. நான் சொல்வதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டு, பாதி பிளேடை எடுத்து ஒவ்வொரு தையலாக அறுத்துக்கொண்டிருந்தாள். பிரிப்பதற்கு நான்கு தையலுக்கு ஒன்றை அறுத்தால் போதும், மறுபக்க நூல் ஒரே இழுப்பில் வந்துவிடும் என்று காட்டிக்கொடுத்தேன். பிரிப்பது நேரவிரயம் என்று நினைக்கிறவர்கள் கைதேர்ந்த தையற்காரர் ஒருவரின் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தைப்பதற்கு இணையாகப் பிரித்துக்கொண்டும் இருப்பார், முகத்தில் எந்த வருத்தமும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையை எடுத்துக்கொண்டு அண்ணாநகர் உழவர் சந்தைக்குப் போனோம். இரண்டு கிலோ தக்காளி, ஒரு கிலோ வெங்காயம், ஒரு பூசணிக்கீற்று எல்லாவற்றையும் அதில் போட்டாள். கைப்பிடிகளுள் ஒன்று மற்றதைவிட முக்கால் அங்குலம் நீளம் என்பதால் பை ஒரு பக்கமாகச் சாய்ந்தே வந்தது. தையல் எங்கும் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா அதை வாங்கி, கண்ணுக்கு அருகே கொண்டுபோக முயன்று, பிறகு கண்ணை மூடிக்கொண்டு உட்புறத் தையலை விரலால் ஓரத்திலிருந்து ஓரம்வரை தடவிப் பார்த்தார். "இந்த மூலையில மட்டும் ரெண்டு தையல் தாண்டியிருக்கு. ஊசிய மாத்து" என்றார்.

அவள் ஊசிப் பொதியைத் தேடப் போனாள்.